நான்காவது கொடி

போன மாதம் அனிர்பான் என்னைப் பார்க்கக் கல்கத்தாவின் நியூ டவுனுக்கு வந்திருந்தார். நான் ஓய்வு பெற்ற மின் பாதுகாப்பு அலுவலகத்தில் இப்போது அவர் இளநிலை ஆய்வாளர். அலுவலகத் துர்கா பூஜை மலருக்கு என் பணிக்கால அனுபவம் ஒன்றை எழுதித் தர வேண்டும் என்றார்.

"கொஞ்சம் இன்ஸ்பயரிங்கா இருந்தா நல்லது சார்."

முப்பத்தொரு வருடம் அடுத்தவர் வீட்டு மொட்டை மாடிகளில் கம்பிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு அறிக்கை எழுதியவன் நான். அதில் எது இன்ஸ்பயரிங் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவதற்காகத் தன் போனை எடுத்து நீட்டினார். இப்போதெல்லாம் அறிக்கை காகிதத்தில் இல்லையாம். ஆப் வந்துவிட்டது. மீட்டர், மெயின் ஸ்விட்ச், எர்த் என்று வரிசையாகக் கட்டங்கள். விரலால் தள்ளிக்கொண்டே கீழே போனேன். "உலோகத் துணிக்கொடி: சோதிக்கப்பட்டது" என்று ஒரு கட்டம் வந்தது. அதில் ஏற்கெனவே டிக் இருந்தது.

"இது நீங்க போய்ப் பார்த்த வீடா?"

"இல்ல சார், வெறும் ஃபார்ம்தான். டிக் முன்னாடியே போட்டுத்தான் வரும். ஏதாவது தப்பா இருந்தா நாம எடுத்துடணும். நேரம் மிச்சம்."

பதினான்காவது மாடியில், ஏசி அறையில், கையில் டீயோடு உட்கார்ந்திருந்த எனக்கு உள்ளங்கால் ஜில்லிட்டது. எழுதித் தருகிறேன் என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். மலருக்கு ஆங்கிலத்தில் தர வேண்டும். ஆனால் முதலில் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். அலுவலக ஆங்கிலத்தில் யார் செய்தது என்றே தெரியாதபடி எந்தத் தவறையும் எழுத எனக்கு நன்றாக வரும். தமிழில் அந்தப் பழக்கம் இல்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விதிப் புத்தகம் முழுவதும் எனக்கு மனப்பாடம். தேர்வில் முதலாவதாக வந்தேன். இந்த இரண்டும் சேர்ந்து ஒரு மனிதனை எவ்வளவு ஆபத்தானவனாக ஆக்கும் என்பது எந்தப் பாடத்திலும் இல்லை.

என் மேலதிகாரி கோஷால் பாபு. ஒல்லியானவர், குரலை உயர்த்தாதவர், கையில் எப்போதும் ஒரு நீலப் பென்சில். எங்கள் அறிக்கைகளை அவர் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்பார். மேலிருந்து படித்தால் எழுதியவன் கதையில் நாமும் விழுந்துவிடுவோம் என்பது அவர் கட்சி. ஒவ்வொரு வரியிலும் பென்சிலை நிறுத்தி, "கே சூயேச்சே?" என்று வங்காளியில் கேட்பார். யார் தொட்டது? எர்த் கம்பி சரியாக இருக்கிறது என்று எழுதியிருந்தால், யார் தொட்டது? ஸ்விட்சில் கசிவு இல்லை என்றால், யார் தொட்டது? "நான்" என்று சொன்னால் பென்சில் அடுத்த வரிக்கு ஏறும். "லைன்மேன் சொன்னார்", "வீட்டுக்காரர் சொன்னார்" என்றால் மேஜை டிராயரிலிருந்து இஞ்சி பிஸ்கட் டப்பா வெளியே வரும். ஒன்றை எடுத்து நம்மிடம் நீட்டுவார். நாம் அதை மெல்லும்போது அந்த வரியை அடிப்பார். எங்கள் பிரிவில் யாருக்கும் இஞ்சி பிஸ்கட் பிடிக்காமல் போனதற்கு இதுதான் காரணம்.

தொடுவது என்றால் கையால் அல்ல. அதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் டெஸ்டரை மின்சாரம் நிச்சயமாக இருக்கிற ஒரு இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு சந்தேகப்படும் கம்பியில் வைக்க வேண்டும். எரியவில்லை என்றால் உடனே நம்பிவிடக் கூடாது. மறுபடி பழைய இடத்துக்குப் போய், டெஸ்டர் இடையில் செத்துப்போகவில்லை என்று உறுதி செய்துகொண்ட பின்பே கம்பி செத்தது என்று எழுதலாம். அதன் பிறகு மீட்டர். ஈரத்தில் மட்டும் அடிக்கிறது என்று புகார் வந்தால், கம்பி கட்டியிருக்கும் இரண்டு முனைகளிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். பார்ப்பதற்குக் கிறுக்குத்தனமாக இருக்கும். வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். நாங்கள் ஊற்றுவோம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலத்தில் கோஷால் பாபு என்னைக் கிதிர்ப்பூரில் ஒரு மாடிக்கு அழைத்துப் போனார். முதல் நாள் அங்கே ஒருவர் இறந்திருந்தார். உடலை எடுத்துப் போய்விட்டார்கள். மாடியில் இரும்புக் கம்பிக் கொடி ஒன்று இருந்தது. அதில் ஒரு நீலச் சட்டை. ஒரு தோளில் கிளிப் மாட்டியிருந்தது. மற்றத் தோள் மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது கிளிப் தரையில் கிடந்தது. சப்ளை கம்பியின் உறை எங்கே தேய்ந்தது, எப்படிக் கொடிக்கு வந்தது என்றெல்லாம் கோஷால் பாபு விளக்கினார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அந்த நாள் முதல் கல்கத்தாவில் நான் எந்தத் தெருவில் நடந்தாலும் அண்ணாந்துதான் நடந்தேன். மாடிக்கு மாடி கொடிகள். ஒவ்வொன்றிலும் இரண்டாவது கிளிப் மாட்டியிருக்கிறதா என்று கண் தேடும். வீட்டில் என் மனைவி துணி உலர்த்துவது நைலான் கயிற்றில்தான். அதையும் டெஸ்டரால் தொட்ட பிறகுதான் என் வேட்டியை எடுப்பேன். "நைலான்ல என்னத்தைத் தேடறேள்?" என்று அவள் கேட்காத வாரம் இல்லை.

இவ்வளவு பயந்தவன்தான் அந்தத் தவறைச் செய்தேன்.

பெஹாலாவில் பெரிய சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்து. மாடி வீடு, குடித்தனக்காரர்கள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு மொட்டை மாடி. முதல் தளத்தில் இருந்த மிது என்ற பெண்மணி புகார் எழுதிப் போட்டிருந்தார். மாதத்தில் இரண்டு மூன்று நாள் தன் கொடியைத் தொட்டால் கை ஜிவ்வென்கிறது, மற்ற நாட்களில் ஒன்றுமில்லை. அவருடைய கணவர் அது ரத்த அழுத்தம் என்று தீர்ப்புச் சொல்லி மாத்திரையும் வாங்கிக் கொடுத்திருந்தார்.

"மாத்திரை சாப்பிட்டும் கொடி அடிக்குது தாதா," என்றார் மிது, என்னை அண்ணனாக்கி. "கொடிக்கும் ஒண்ணு குடுத்துப் பார்க்கட்டுமான்னு கேட்டேன். அதுக்குக் கோபம் வருது அவருக்கு."

மாடியில் நான்கு கொடிகள். மூன்று தோள் உயரத்தில் பக்கத்துப் பக்கமாக ஓடின. நான்காவது அவற்றைவிட மிக உயரம். ஏழரை அடி என்று பின்னால் எழுதினேன். அதன் ஒரு முனை சிமென்ட் தொட்டியில் நட்ட மூங்கிலில். மறுமுனை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் மறைந்தது. அதில் ஒன்பது கெஜப் புடவை ஒன்று ஈரத்தோடு நீளமாகத் தொங்கியது. சுவரோரமாக மூங்கில் கழி சாத்தியிருந்தது. பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. மடிக் கொடி. எங்கள் வீட்டிலும் என் அம்மா அப்படித்தான் உலர்த்துவாள். குளித்துவிட்டு, ஈரத்துணியோடு, மற்றவர் துணி படாத உயரத்தில், கையும் படாமல், கழியால் தூக்கிப் போட்டுக் கழியாலேயே எடுப்பது.

டெஸ்டரைப் படிக்கட்டு ஸ்விட்சில் வைத்துப் பார்த்தேன். எரிந்தது. முதல் மூன்று கொடிகளிலும் வைத்தேன், தண்ணீர் ஊற்றி மறுபடியும் வைத்தேன். ஒன்றுமில்லை. நான்காவதை நோக்கி ஓர் அடி வைத்தபோது படிக்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"தொடாதேங்கோ!"

அம்புஜம் மாமி. இரண்டாம் தளத்துக் குடித்தனம். அறுபது வயது இருக்கும். புருஷன் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் இருந்து காலமானவர். மகன் டூரிலேயே இருக்கிறவன். மருமகள் லலிதா வங்கியில் வேலை. "ஏன் மாமி?" என்று நானும் தமிழிலேயே கேட்டேன்.

"நம்மவாளா? அப்ப உங்களுக்குத் தெரியாததா? டிராம்ல ஊரெல்லாம் இடிச்சுண்டு வந்த உடம்பு. விழுப்போட அதுல கை வெச்சா நான் மறுபடி எல்லாத்தையும் நனைக்கணும்."

"கை வெக்கல மாமி. இந்த டெஸ்டர் நுனிதான்."

"டெஸ்டர் குளிச்சுதா?"

மிதுவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். தொட்டிக்குப் பின்னால் போய் மறுமுனையைப் பார்க்க வேண்டுமானால் அந்தப் புடவையை ஒதுக்கிவிட்டுத்தான் போக வேண்டும். அதற்கும் வழியில்லை. ஆகவே கேட்டேன்.

"இந்தக் கொடியில உங்களுக்கு எப்பவாவது ஷாக் அடிச்சிருக்கா மாமி?"

"பதினோரு வருஷமா தினம் இதுலதான் உலர்த்தறேன். ஒரு நாள்கூட இல்லை."

பதினோரு வருடத் தினசரிச் சோதனை. எந்த ஆய்வாளரால் இதைவிட நன்றாகச் சோதிக்க முடியும்? மாமி காபி கொடுத்தார். நன்றாக இருந்தது. அலுவலகத்துக்கு வந்து, "மாடியில் உள்ள நான்கு கொடிகளும் சோதிக்கப்பட்டன, மின்சாரம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேறு எந்த ஆய்வாளராக இருந்தாலும் மாமியிடம் சண்டை போட்டாவது தொட்டிருப்பான். லைன்மேன் கேட்காமலே தொட்டிருப்பான். அந்தக் கூச்சலுக்குக் கட்டுப்பட்டு நிற்க என்னைப் போன்ற ஒருவன்தான் வேண்டியிருந்தது.

கோஷால் பாபு அப்போது கண் ஆபரேஷனுக்காக விடுப்பில் இருந்தார். அறிக்கையைக் கீழிருந்து படிக்க ஆளில்லாமல் அது நேராகக் கோப்புக்குப் போய்விட்டது.

மூன்று வாரம் கழித்து அவர் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். அன்று காலையிலிருந்தே நல்ல மழை. அலிப்பூரில் எங்கள் அலுவலக ஜன்னலுக்கு வெளியே மரங்களே தெரியவில்லை. பதினோரு மணிக்கு என்னைக் கூப்பிட்டார். மேஜையில் பெஹாலா கோப்பு. ஒரு கையில் பூதக்கண்ணாடி, ஒரு கையில் பென்சில்.

"நாலு கொடி. யார் தொட்டது?"

"நான்."

"நாலாவது ஏழரை அடி உயரம்னு நீயே எழுதியிருக்கே. நீ அஞ்சரை அடி. ஸ்டூல் யார் குடுத்தா?"

டிராயர் திறந்தது. டப்பா வெளியே வந்தது.

"மூணு தொட்டேன் சார். நாலாவதை அந்த வீட்டு அம்மா தொட விடல. மத விஷயம். ஆனா அவங்க பதினோரு வருஷமா தினம் தொடறாங்க. ஒண்ணும் ஆகல."

"தொடறாங்களா? நீ பார்த்தியா?"

பார்த்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது சுவரோரம் சாத்தியிருந்த அந்த மூங்கில் கழி கண்ணுக்கு முன் வந்தது.

மாமி அந்தக் கொடியை ஒரு நாளும் தொட்டதில்லை. தொடாமல் இருப்பதற்குத்தான் அந்தக் கழியே. உலர்ந்த மூங்கில். பதினோரு வருடமாக நடந்தது சோதனை அல்ல. அந்தக் கம்பியில் என்ன இருக்கிறது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது.

மற்றதெல்லாம் அடுத்த மூச்சில் வந்து சேர்ந்தது. மாதத்தில் இரண்டு மூன்று நாள்தான் மிதுவின் கை ஜிவ்வென்றது. காற்று அடிக்கும் நாட்கள். உயரத்தில் தொங்கும் ஒன்பது கெஜம் சொட்டச் சொட்ட ஈரத்தோடு ஆடி, அதன் தலைப்பு மிதுவின் கொடியில் உரசும் நாட்கள். ஈரத்துணி வழியாக வந்தது வெறும் கசிவு. அசல் மின்சாரம் மேலே இருக்கிறது. இதைக் கோஷால் பாபுவிடம் அப்படியே சொன்னேன்.

பிஸ்கட்டை நான் வாங்கவில்லை. கோஷால் பாபுவும் அந்த வரியை அடிக்கவில்லை. டப்பாவை மூடினார்.

"போ. கம்பத்துல துண்டிக்கச் சொல்லி சப்ளை ஆபீஸுக்கு நான் போன் பண்றேன். அவங்க இந்த மழையில எப்ப வருவாங்கன்னு தெரியாது. நீ போ."

அந்த வீட்டில் போன் இல்லை. எதிர் மிட்டாய்க் கடை எண் கோப்பில் இருந்தது. சுழற்றினேன். மழையில் லைன் செத்திருந்தது. டிராம் பிடித்தேன். தாராதலாவில் டிராம் நின்றுவிட்டது. முன்னால் சாலை முழுவதும் பழுப்புத் தண்ணீர். இறங்கினேன். முழங்கால் வரை வந்தது.

வெள்ளத்தில் நடக்க ஓர் எலெக்ட்ரிகல் ஆய்வாளரைவிடத் தகுதியற்றவன் இல்லை. மற்றவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, தங்கள் பாட்டுக்குப் போனார்கள். எனக்கு ஒவ்வொரு தெருவிளக்குக் கம்பமும் அடியில் திறந்து கிடக்கும் பெட்டியோடு தெரிந்தது. எந்தக் கம்பத்தைச் சுற்றித் தண்ணீரில் கசிவு இருக்கும், எத்தனை அடி தள்ளி நடக்க வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். ஒவ்வொரு கம்பம் வரும்போதும் சாலையின் நடுவுக்குப் போய், அரை வட்டம் அடித்து, மறுபடி ஓரத்துக்கு வந்தேன். ஒரு கம்பத்தின் அடியில் தண்ணீர் குமிழியிட்டது. வெறும் சாக்கடைக் காற்றாகத்தான் இருக்கும். ஆனாலும் நின்றேன். ஒரு ரிக்‌ஷாக்காரர் அதை ஒட்டியே போய், உயிரோடு தாண்டிய பிறகுதான் நகர்ந்தேன். அதை இன்று எழுதும்போது கை கூசுகிறது.

மழை வலுத்துப் பெய்யும்வரை எனக்கு ஒரு தைரியம் இருந்தது. கொட்டுகிற மழையில் யாரும் மாடிக்கு வர மாட்டார்கள். பாதி வழியில் மழை சட்டென்று விட்டது. மேற்கே வெளிச்சம் வந்தது. கடைக் கூரைகளின் கீழே ஒதுங்கியிருந்தவர்கள் "தேமே கேச்சே!" என்று உற்சாகமாக இறங்கினார்கள். நின்றுவிட்டதாம். நான் வானத்தைப் பார்த்து, இன்னும் ஒரு கால் மணி பெய், இன்னும் ஒரு கால் மணி என்று கெஞ்சினேன். ஏனென்றால் மழை விட்டால் கல்கத்தா முழுவதும் பெண்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். அண்ணாந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் மாடிகளில் தலைகள் முளைக்கத் தொடங்கியிருந்தன. வாளிகளோடு.

நடப்பதை விட்டு ஓடப் பார்த்தேன். முழங்கால் தண்ணீரில் ஓட முடியாது.

சந்தில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். வீட்டு வாசலில் மிது தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அரே தாதா! இந்த மழையிலயா? மேல்வீட்டு மாஷிமா காலையில படியில வழுக்கி விழுந்துட்டாங்க, கால் வீங்கியிருக்கு."

"மாடிக்கு யார் போயிருக்கா?"

"லலிதாதான். நாளைக்கு மாமனாருக்குத் திவசமாம். மழைக்கு முன்னாடி விடிகாலையில போட்டதெல்லாம் நனைஞ்சுபோச்சு, எடுத்து அலசிப் போடணும்னு மாஷிமா ஒரே கத்தல். பாவம், பேங்க்குக்கு லீவு போட்டுட்டு, குளிச்சிட்டு இப்பதான்..."

மீதியைக் கேட்கவில்லை. குளித்துவிட்டு. மடித் துணியை எடுக்க வேண்டுமானால் குளித்திருக்க வேண்டும். ஈரப் புடவை, ஈர முடி, வெறுங்கால், தண்ணீர் தேங்கிய தளம். ஒரு மனித உடம்பு வழியாக மின்சாரம் சிரமமில்லாமல் தரைக்குப் போக என்னென்ன வேண்டும் என்று பரீட்சையில் கேட்டிருந்தார்கள். நான் எழுதிய விடைக்கு முழு மதிப்பெண். அத்தனையும் அந்தப் பெண் மேல் இருந்தது. மூங்கிலும் மழையில் ஊறியிருக்கும்.

படிகளை எப்படி ஏறினேன் என்று தெரியாது. இரண்டாம் தளத்தில் அறைக்குள்ளிருந்து மாமியின் குரல் "யாரது?" என்றது. மாடிக் கதவு திறந்திருந்தது.

லலிதா ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் நின்றுகொண்டிருந்தாள். முதுகு எனக்குத் தெரிந்தது. முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கழி தரையில் கிடந்தது. புடவை கொடியில் சுருண்டு சிக்கியிருந்தது. சிக்கலை எடுப்பதற்காக அவள் வலது கையை மேலே நீட்டிக்கொண்டிருந்தாள். இடது கை பக்கத்து இரும்புக் கொடியைப் பிடித்திருந்தது.

"அம்மா", "லலிதா", "நில்லு" எதுவும் என் வாயில் வரவில்லை. அந்த மாடியில் நான் கேட்டிருந்த ஒரே கூச்சல்தான் வந்தது.

"தொடாதேங்கோ!"

கை அந்தரத்தில் நின்றது. அப்படியே. விரல்களுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வார்த்தைக்கு நின்று பழகிய கை அது.

"நான் குளிச்சுட்டேன் மாமா!" என்றாள், திரும்பாமலே, யாரோ தெரிந்த மாமா என்று நினைத்து. அழுகைக் குரல். "நிஜமாவே மடிதான். கோல் ஈரத்துல வழுக்கறது, அதான் கையால... அம்மாட்ட சொல்லிடாதேங்கோ."

"நான் சொல்ல மாட்டேன். நீ வலது கையைக் கீழ இறக்கு. மெதுவா. மேல பார்க்காதே. இடது கையை விடு. இப்ப வாளியிலேர்ந்து இறங்கு."

"என்ன ஆச்சு?"

"இறங்கு."

இறங்கினாள். நான் இரண்டடி முன்னால் போனேன். அவள் பின்னால் நகர்ந்தாள். "கிட்ட வராதேங்கோ மாமா, நீங்க சாக்கடைத் தண்ணியில வந்திருக்கேள், எனக்கு மறுபடி குளிக்கணும்."

அவளைப் படிக்கட்டுக்கு அனுப்பிவிட்டு, முறைப்படி செய்தேன். டெஸ்டரை ஸ்விட்சில் வைத்தேன். எரிந்தது. கையை உலரத் துடைத்துக்கொண்டு, துடைத்த வாளியின் மேல் ஏறி, நான்காவது கொடியில் நுனியை வைத்தேன். அந்தப் பகல் வெளிச்சத்திலும் சிவப்பாக எரிந்தது. ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு மீட்டரை வைத்தேன். இருநூற்றுப் பதினான்கு வோல்ட். மறுபடி ஸ்விட்சில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். அது ஒழுங்காகத்தான் இருந்தது. கீழிருந்து மாமியின் குரல் கேட்டது.

"யாரு என் கொடியைத் தொட்டது?"

சப்ளை ஆட்கள் வந்து கம்பத்தில் துண்டிக்க இன்னும் முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை மாடிக் கதவுக்குக் குறுக்கே நான் நின்றேன். பிறகு தொட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம். கொடியின் மறுமுனை, தெருவிலிருந்து சப்ளை கம்பி வந்து இறங்கும் இரும்புக் குழாயில் முறுக்கிக் கட்டியிருந்தது. குழாயின் வாயில் கம்பி உரசி உறை கிழிந்திருந்தது. குழாய்க்குப் போட்ட எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்து எப்போதோ விழுந்திருந்தது. முதல் நாளே ஒரு புடவையை ஒதுக்கியிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் முதல் தடவை சோதிக்காமல் சோதித்ததாக எழுதியதையும் சொன்னேன். கட்டிலில் காலை நீட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப இத்தனை நாள் என்னைக் காப்பாத்தினது அந்தக் கோல்தானே? மடிதானே என்னைக் காப்பாத்தித்து?"

தொழில்நுட்ப ரீதியாக அது சரி. மறுக்க என்னிடம் விதி எதுவும் இல்லை. சமையலறை வாசலில், இரண்டாவது தடவை குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு நின்றிருந்த லலிதா கேட்டாள்.

"என்னை எது காப்பாத்தித்தும்மா?"

"மாமாவுக்குக் காபி கொடு," என்றார் மாமி. அந்தக் காபியை என்னால் குடிக்க முடியவில்லை.

மறுநாள் திவசம் நைலான் கயிற்றில் உலர்ந்த துணியோடு நடந்தது. நைலான் மடிக்கு ஆகுமா என்று புரோகிதரிடம் கேட்டார்களாம். உயிரை எடுக்காத கயிறு எதுவும் ஆகும் என்று அவர் சொன்னதாக லலிதா பின்னால் எனக்குச் சொன்னாள்.

கோஷால் பாபு என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. முதல் அறிக்கையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதட்டுமா என்று கேட்டேன்.

"கிழிக்காதே. ரெண்டும் ஒரே ஃபைல்ல இருக்கணும். ஒண்ணு மேல ஒண்ணு."

இரண்டாவது அறிக்கையை எழுத ஒரு நாள் ஆனது. "முதல் ஆய்வின்போது நான்காவது கொடியை நான் தொடவில்லை. தொட்டதாக எழுதினேன்" என்று தொடங்கியது. அவர் வழக்கம்போல் கீழிருந்து ஆரம்பித்தார். குழாய், எர்த், இருநூற்றுப் பதினான்கு வோல்ட். ஒவ்வொன்றுக்கும் "யார் தொட்டது?" என்றார். "நான்" என்றேன். ஒரு வரியில் பென்சில் நின்றது. அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இது என்ன?"

"அன்னைக்கு நடந்திருக்கக்கூடியது சார்."

"நடந்துதா?"

"இல்லை."

"அப்ப இதை யார் தொட்டது?"

அந்த வரியை அடித்தார். அதற்குப் பிறகு ஓர் ஆண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில், நான் அதற்கு முன் கையெழுத்துப் போட்ட வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய் எல்லாக் கொடிகளையும் தொட்டுப் பார்த்தேன். என்ன காரணம் என்று வீட்டுக்காரர்களிடம் சொல்லவில்லை. இலவசச் சோதனை என்றேன். எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். ஒரு வீட்டை மட்டும் இடித்து அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த வீட்டில் எத்தனை கொடிகள், நான் எத்தனையைத் தொட்டேன் என்று எனக்கு நினைவில்லை.

அனிர்பான், உங்கள் ஆப்பில் அந்த டிக்கை எடுத்துவிடச் சொல்லுங்கள். கட்டம் காலியாக இருக்கட்டும். மலரில் இதைப் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். இன்ஸ்பயரிங்காக இல்லை என்று எனக்கே தெரியும். கோஷால் பாபு காலமாகிவிட்டார். இதைக் கீழிருந்து படிக்க இப்போது யாரும் இல்லை. ஆகவே அவர் அடித்த வரியை, அன்று இருந்தபடியே, கடைசியில் வைக்கிறேன்.

"தாராதலாவிலிருந்து வரும் வழியில் பதினேழு விளக்குக் கம்பங்களைச் சுற்றிக்கொண்டு போனேன், இன்னும் ஒரு கம்பத்துக்கு நான் பயந்திருந்தால் லலிதா இறந்திருப்பாள்."